அத்தை அனுப்பிய செம்பு

புதுக் கயிற்றில் முறுக்கு இருக்கும். அப்படியே கிணற்றில் விட்டால் பாதி ஆழத்தில் சுருண்டு சிக்கும். முதலில் நனைக்க வேண்டும். பிறகு இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்து முறுக்கை எடுக்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை மாலை அப்பா எங்கள் தெருவின் கடல் பக்கத்து முனையில் நின்றார். நான் மாதா கோயில் பக்கத்து முனையில் நின்றேன்.

"பின்னால போ. இன்னும் போ. ஏலே, கோயிலுக்குள்ள போயிராத, நில்லு."

"போதுமாப்பா?"

"தொய்வு தெரியுது. இழு."

இழுத்தேன். அப்பா உடம்பைப் பின்னுக்குச் சாய்த்துத் தாங்கினார். கயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டியது. கடைக்குப் போய்க்கொண்டிருந்த பக்கத்துத் தெரு வடிவம்மாள் கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்து வந்தாள்.

"வடம் இங்கன இருக்கு. தேரு எங்க அண்ணாச்சி?"

"நாளைக்கு வரும்" என்றார் அப்பா.

கயிற்றைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து பாதாளக் கரண்டியில் கட்டினோம். கிணற்றில் விழுந்த வாளியையும் குடத்தையும் துழாவி எடுக்கிற இரும்புக் கொக்கிக் கொத்து அது. அம்மா சீதனத்தோடு கொண்டு வந்தது. அம்மா நான் சிறுவனாக இருக்கும்போதே போய்விட்டாள். முடிச்சை அப்பா போட்டார். நான் இழுத்துப் பார்த்தேன். அப்பா என்னை நம்பாமல் மறுபடி இழுத்துப் பார்த்தார். குசினி மூலையில் அந்தோணியம்மாள் அத்தை அனுப்பிய பித்தளைச் செம்பு இருந்தது. அதைப் பார்க்காமலே சொன்னார்.

"நாளைக்குப் பூசை முடிஞ்சதும் போவோம்."

ஞாயிறு காலை காபி கொண்டுபோனேன். அப்பா எழுந்திருக்கவில்லை. நெஞ்சு நின்றுவிட்டது என்றார் டாக்டர். நான் தூத்துக்குடித் துறைமுகத்து ஒர்க்‌ஷாப்பில் லாஞ்ச் என்ஜின்களுக்கு ஃபிட்டர். மதராஸில் படித்துச் சர்டிபிகேட் வாங்கியவன். எந்த என்ஜினும் நிற்பதற்கு முன்னால் ஒரு சத்தம் கொடுக்கும். அப்பா கொடுக்கவில்லை. அடுத்த கட்டிலில்தான் படுத்திருந்தேன். அதை நினைத்தால் இன்றும் பயமாக இருக்கிறது.

அப்பா வளன் பர்னாந்து கயிறு பிடிக்கிற ஆள். எங்கள் கரையில் சங்கு குளிக்கப் போகிறவன் தன் இடுப்புக் கயிற்றை யாரிடமும் கொடுத்துவிட மாட்டான். மச்சான் கையில்தான் கொடுப்பான். பெண்டாட்டியோடு கூடப்பிறந்தவன், தங்கை தாலி அறுவதற்குச் சம்மதிக்க மாட்டான் என்பது கணக்கு. அந்தோணியம்மாள் அத்தை அப்பாவுக்குத் தங்கை. அவள் கணவர் மரியான் மாமா குளிப்பார். அப்பா வள்ளத்தில் உட்கார்ந்து கயிறு பிடிப்பார். அடியில் மாமா கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் மேலே இழுக்க வேண்டும். அப்பா செய்த வேலை அவ்வளவுதான்.

அப்பா பயந்தவர். சுண்டுவதற்கு முன்பே இழுத்துவிடுவார். வள்ளத்தில் அவருக்கு 'அவசரம்' என்று பெயர். மாமா மூச்சு வாங்க வாங்கத் தண்ணீரில் மிதந்துகொண்டே ஏசுவாராம்.

"என்னவே மச்சான், சங்குல கை வைக்குமுன்ன மேல கொண்டாந்துட்டீரு. நான் கீழ கால் கழுவவா போனேன்?"

ஒரு நாள் அத்தை வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். நானும் இருந்தேன். அத்தை அப்பாவின் தட்டில் மீன் துண்டை வைத்தாள்.

"எங்க அண்ணன் உங்களத் தண்ணிக்குள்ள விடுததே பெருசு" என்று மாமாவிடம் சொல்லிச் சிரித்தாள்.

மாமாவும் சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்.

"பொறுத்து இழும் மச்சான். நான் சுண்டுன பெறவு இழும். மத்தவனெல்லாம் என்னைக் கேலி பேசுதான்."

அப்பா தலையாட்டினார். வெட்கப்பட்டார் என்று நினைக்கிறேன்.

அது நாற்பத்தொன்றாம் வருஷத்துச் சங்கு சீசன். கடல் கட்டிப்போட்ட மாதிரி இருந்த ஒரு காலையில் மாமா இறங்கினார். என்ன நடந்தது என்று அப்பா ஒரு தடவைதான் என்னிடம் சொன்னார். "கயிறு தொய்ஞ்சுது. சுண்டுவான்னு பொறுத்தேன்." இழுத்தபோது மாமா மூச்சில்லாமல் வந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் அத்தை அழவில்லை. அப்பாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"அண்ணன், அந்தக் கைய எங்கன வச்சிருந்திய?"

அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அந்தத் தெரு வழியாக அப்பா போவதையே விட்டுவிட்டார்.

வீட்டில் அப்பாவின் கைகள் நடுங்க ஆரம்பித்தன. மடியில் வைத்திருந்தால் நடுங்கும். செபமாலை பிடித்தால் மணிகள் ஒன்றோடொன்று தட்டும் சத்தம் அடுத்த அறையில் எனக்குக் கேட்கும். டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். கோயில் சாமியார் வந்து தலையில் கை வைத்துப் போனார். நடுக்கம் அப்படியே இருந்தது. சாப்பாடு இறங்கவில்லை. கடல் பக்கம் திரும்புவதில்லை.

அவருக்குத் தொய்ந்த கயிற்றைக் கண்டால் ஆகவில்லை. வீட்டில் துணி காய்கிற கொடியை இழுத்து இறுக்கிக் கட்டினார். மறுநாள் மறுபடியும் இறுக்கினார். ஒரு நாள் வேலையிலிருந்து வந்தபோது அவர் வீட்டில் இல்லை. தேடிப் போனேன். யார் வீட்டிலோ நுழைந்து அவர்கள் கொடியை இறுக்கிக்கொண்டிருந்தார். அந்த வீட்டுப் பெண்கள் சுவரோடு ஒட்டி நின்று பார்த்தார்கள். ஈரச் சேலைகள் தரையில் கிடந்தன.

அன்றிலிருந்து எனக்கும் பயம் பிடித்தது. மாலையில் வீட்டுக்கு வந்தால் கதவைத் திறந்ததும் முதலில் உத்தரத்தைப் பார்ப்பேன். பிறகு கிணற்றடி. பிறகுதான் "அப்பா" என்று கூப்பிடுவேன். பதில் வருகிற வரைக்கும் செருப்பைக் கழற்ற மாட்டேன். வீட்டிலிருந்த பழைய வள்ளக் கயிற்றையெல்லாம் கொண்டுபோய் ஒர்க்‌ஷாப்பில் போட்டேன். பாதாளக் கரண்டியின் கயிறு மட்டும் பரணில் தப்பிவிட்டது.

அந்தக் கரண்டியைக் கேட்டு வந்தவள்தான் வடிவம்மாள். அவள் புருஷன் செல்லப்பாண்டி அண்ணாச்சிக்குப் பலசரக்குக் கடை. துக்க வீட்டில் எதையும் இரவல் கேட்கக் கூடாது என்பது அவர்களுக்கும் உண்டு, எங்களுக்கும் உண்டு. அவள் கையில் ஒரு லோட்டாவோடு வாசலில் வந்து நின்றாள். பாதாளக் கரண்டி வாங்குகிறவர்கள் ஒரு பாத்திரத்தை அடமானமாக வைத்துவிட்டுப் போக வேண்டும். கரண்டி திரும்பி வந்தால்தான் பாத்திரம் திரும்பிப் போகும். இல்லாவிட்டால் கரண்டி ஊர் சுற்றப் போய்விடும். சொந்தக்காரர்களிடம் மட்டும் அடமானம் வாங்குவதில்லை.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாது, தெரியும். ஆனா வாளி என்னையக் கேட்டுட்டா விழுந்துது? வீட்டுல குடிக்கத் தண்ணி இல்ல."

நான் பரணிலிருந்து கரண்டியை எடுத்தேன். அவள் அதை வாங்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

"உங்க மவனுக்கு இந்தச் சோலி தெரியாது. எங்க வீட்டுக்காரருக்குக் கல்லாப்பெட்டிய விட்டு எந்திரிக்க முடியாது. நீங்களே வந்து எடுத்துக் குடுங்க அண்ணாச்சி."

அப்பா கைகளைக் காட்டினார். அவை ஆடிக்கொண்டிருந்தன.

"நல்லதாப் போச்சு. ஆட்டித்தான துழாவணும்."

அவளை ஏசிவிடுவேன் என்று நினைத்தேன். அதற்குள் அப்பா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். நானும் பின்னாலேயே போனேன். அவர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தபோது அவர் இடுப்பு வாரை நான் பிடித்துக்கொண்டேன். பிடித்தது அவருக்குத் தெரியும்.

கரண்டி இறங்கியது. தண்ணீரைத் தொட்டதும் கயிறு தொய்ந்தது. அப்பாவின் முதுகு என் கைக்கு அடியில் விறைத்தது. அவர் கயிற்றை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் கயிற்றோடு போய்விடுவார் என்று நினைத்தேன். வாரை இரண்டு கையாலும் பிடித்தேன். அவர் துழாவினார். கொக்கியில் என்னவோ மாட்டியது. கயிறு இறுகியது. வெடுக்கென்று, தேவைக்கு அதிகமாகவே வேகமாக இழுத்தார். வாளி கிணற்றுச் சுவரில் இடித்து இடித்து மேலே வந்தது.

"மெதுவா அண்ணாச்சி, வாளி நசுங்குதுல்லா" என்றாள் வடிவம்மாள்.

"நசுங்கட்டும். வந்துட்டுல்லா" என்றார் அப்பா.

அப்போதுதான் கவனித்தேன். கைகள் நடுங்கவில்லை. எங்கள் லாஞ்ச் ஒன்றின் என்ஜின் இப்படித்தான். சும்மா ஓடும்போது தடதடவென்று உதறும். பின்னால் சரக்குப் படகைக் கட்டி இழுக்கவிட்டால் உதறல் அடங்கிவிடும். வடிவம்மாளின் கிணற்றடியில் வாளியைக் கீழே வைத்ததும் அப்பாவின் கை மறுபடி ஆட ஆரம்பித்தது. ஆனால் வைத்தியம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பாரத்தைத் தேடிக் கொடுத்தேன். தினமும் தண்ணீர் இறைக்கிற வேலையை அவரிடமே விட்டேன். எங்கள் வீட்டுக்கு, பிறகு பக்கத்து வீட்டுக்கு. அம்மி அரைத்தார். மீன் கழுவினார். ஒரு தடவை கருவாட்டுக் குழம்பு வைத்தார், வாயில் வைக்க முடியவில்லை, இரண்டு பேரும் சாப்பிட்டோம். அதன் பிறகு வாளி விழுந்தால் யாரும் கரண்டியை மட்டும் கேட்பதில்லை. கரண்டியோடு அப்பாவும் போவார். அவர் இப்படிக் கிணறு கிணறாக எட்டிப் பார்த்துக்கொண்டு திரிவது எனக்கு வேறு ஒரு பயம். ஒர்க்‌ஷாப்பில் சங்கு ஊதினால்கூட யாரோ என்னைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று வாசலைப் பார்ப்பேன். ஆனால் வேலை இல்லாத நாளில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது அதைவிடப் பயம்.

மறுவருஷம் ஏப்ரலில் கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அடுத்தது தூத்துக்குடிதான் என்று ஊர் முழுக்கப் பேச்சு. ஆட்கள் நாசரேத்துக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் வண்டி கட்டினார்கள். பித்தளைப் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, வீட்டில் வைத்தால் திருட்டுப் போகும் என்று யாரோ சொல்ல, எங்கள் பக்கத்துத் தெருக்காரர்கள் எல்லோரும் அண்டா குண்டாவைக் கிணற்றில் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். துறைமுக வேலையை விட்டு நான் நகர முடியாது. அப்பாவும் நகரவில்லை. அத்தையும் போகவில்லை என்று கேள்விப்பட்டோம். வெறிச்சோடிய தெருவில் ஆகாயத்தில் விமானச் சத்தம் கேட்டால் நான் சுவரோடு ஒண்டுவேன். அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். ஆனால் தெருவில் யாராவது விட்டுப்போன கொடி தொய்ந்து ஆடினால் நின்றுவிடுவார்.

குண்டு விழவில்லை. ஜனங்கள் திரும்பி வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே நாளில் கரண்டி வேண்டும்.

"ஏலே வளன், எங்க கிணத்துல முதல்ல பாரு, பச்சப்புள்ளக்காரி வீடு" என்று ஒரு கிழவி.

"எங்க மாமியா கல்யாணத்துக்கு வந்த தவலை அண்ணாச்சி. அது வரலன்னா நான் வீட்டுக்குள்ள போவ முடியாது" என்றாள் இன்னொருத்தி.

"எந்தப் பக்கம் போட்டிய?"

"குண்டு விழும்னு ஓடுத ஓட்டத்துல எந்தப் பக்கம்னு பாத்தா போட முடியும்?"

அந்த வாரம் அப்பா வயிறாரச் சாப்பிட்டார். கை சும்மா இருக்கும்போதும் நடுக்கம் குறைந்திருந்தது. எங்கள் குசினியில் அடமான லோட்டாவும் செம்பும் போணியும் வைக்க இடமில்லாமல் கிடந்தன. அவர் ஒவ்வொன்றாகத் துடைத்து, இது இன்னார் வீடு என்று எனக்குச் சொல்லுவார். அத்தை வீட்டிலிருந்து ஒன்றும் வரவில்லை. அதை அவர் சொல்லவில்லை.

யுத்தம் முடிந்தது. இந்த வருஷம், நாற்பத்தாறில்தான் அந்தச் செம்பு வந்தது. வடிவம்மாள் கொண்டுவந்து வைத்தாள்.

"உங்க தங்கச்சி குடுத்து விட்டா. வாளி கயிறோட விழுந்துட்டாம். கரண்டி வேணுமாம்."

அப்பா செம்பைத் தொடவில்லை. "வேற என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல."

"அடமானம் வச்சிருக்கா."

"வச்சிருக்கா."

"அண்ணங்கிட்ட."

அத்தை அவரைப் பிறத்தியானாக்கிவிட்டாள் என்று எனக்குக் கோபம் வந்தது. கரண்டியை எடுத்து வடிவம்மாளிடம் நீட்டினேன்.

"என் கையில குடுத்தா நான் இதையும் கிணத்துல போட்டுட்டு வந்துருவேன். போவ வேண்டியவரு போவட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அப்பா செம்பை எடுத்துக் குசினி மூலையில் வைத்தார். பிறகு, "அடமானம் வச்சவ கரண்டிக்காக வாசலப் பாத்துக்கிட்டுல்லா இருப்பா" என்றார்.

ஆனால் அவர் உடனே போகவில்லை. பயந்தார். கயிறு இத்துவிட்டது என்றார். ஒரு கொக்கி மழுங்கிவிட்டது என்றார். நான் ஒர்க்‌ஷாப்பில் புதுக் கொக்கி அடித்துக்கொண்டு வந்தேன். வளைவு சரியில்லை என்றார். திருப்பி அடித்தேன். அவள் வீட்டில் வாளி கிணற்றில் கிடக்கிறது, பக்கத்து வீட்டில் தண்ணீர் வாங்குகிறாள் என்று தெரியும். அவர் கைநடுக்கம் மறுபடி வந்துவிட்டது. சாக்குகள் தீர்ந்து, கடைசியில் புதுக் கயிறு வாங்கினோம். தெருவில் நின்று முறுக்கு எடுத்தது அந்தக் கயிற்றில்தான்.

அடக்கத்துக்கு அத்தை வந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மூடுகிற நேரம் வரைக்கும் விடவில்லை. பிறகு தண்ணீர் குடிக்கக் குசினிக்கு வந்தவள் தன் செம்பைப் பார்த்தாள். எடுக்காமல் போனாள்.

நான் வேலைக்குத் திரும்பினேன். ஸ்பேனர் கையிலிருந்து வழுக்கி என்ஜின் அடியில் விழுந்தது. பழைய பழக்கத்தில் வீட்டுக் கதவைத் திறந்ததும் உத்தரத்தைப் பார்த்தேன். யாருக்காகப் பார்க்கிறேன் என்று புரிந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே போனால் இரண்டு பேருக்கு உலை வைத்துவிடுவேன். ஒரு காலையில் துணிக்கொடியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். அது தொய்வாகவே இல்லை. கைகளைப் பார்த்தேன். உடனே தண்ணீர் இறைக்கப் போனேன். தொட்டி நிரம்பி வழிகிற வரைக்கும் இறைத்தேன். பிறகு அம்மியைக் கழுவினேன். வேறு வைத்தியம் எனக்கும் தெரியாது.

வடிவம்மாள் வாசலில் நின்று வழிகிற தண்ணீரைப் பார்த்தாள்.

"மண்ணுக்கா தண்ணி இறைக்க? அங்கன உங்க அத்தை இன்னும் அடுத்த வீட்டுலதான் வாங்குதா. கயிறு இருக்கு, கரண்டி இருக்கு. பின்ன என்னலே?"

ஞாயிறு பூசை முடிந்து போனேன். அத்தையின் தெருவுக்குள் திரும்பினேன். அப்பா இந்த இடத்தில் என்ன நினைத்திருப்பார் என்று தெரிந்தது. அத்தை கதவைத் திறந்து முதலில் கரண்டியைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள்.

"வா" என்றாள்.

கிணறு பின்கட்டில். ஒடுக்கமான பழைய கிணறு, உள்ளே இருட்டு. நான் கயிற்றின் வாலைக் கட்டத் தூணைத் தேடினேன். அவள் அதை வாங்கித் தன் இடது கையில் சுற்றிக்கொண்டாள்.

"நான் பிடிச்சிருக்கேன். விடு."

கரண்டி இறங்கியது. தண்ணீரைத் தொட்டது. கயிறு தொய்ந்தது. அப்பா அன்றைக்கு வள்ளத்தில் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். துழாவினேன். எதிலோ உரசியது போல இருந்தது. வாளியா, கல்லா, தெரியவில்லை. நன்றாக மாட்டட்டும் என்று காத்து நின்றேன்.

அத்தையின் குரல் எனக்குப் பின்னால் மிக அருகில் கேட்டது.

"பொறுக்காத. இழு."

இழுத்தேன். வந்தது வாளியின் கயிறு மட்டும். கறுத்து, பாசி பிடித்து, நுனியில் அறுந்த முடிச்சோடு. அவள் அதை வாங்கித் தரையில் நீளமாகப் போட்டாள். இன்னொரு தடவை விட்டுப் பார்த்தேன். சேறுதான் வந்தது.

"காப்பி குடிச்சிட்டுப் போ" என்றாள். குடித்தேன். கிளம்பும்போது கரண்டியை எடுத்தேன்.

"அத இங்கனயே வச்சிட்டுப் போ. அடுத்த ஞாயித்துக்கெழம வா."

"செம்பு, அத்தை?"

"வாளி வரட்டும்."

வாளி கிணற்றில்தான் இருக்கிறது. செம்பு என் குசினியில் இருக்கிறது.